பலகையின் உரிமையும் படைப்பாளியின் உரிமையும்: சீனப் பதிப்புலகில் கள்ளப்பதிப்பும் உரிமைக் காப்பும்

முன்னுரை

பதிப்புரிமை என்னும் கருத்து சீனத்துக்கு மேலைநாட்டு வணிக உடன்படிக்கைகளின் வழியே வந்தது என்பர். பதிப்பு வரலாற்றுச் சான்றுகள் இக்கூற்றை முழுமையாக ஏற்க இடந்தரவில்லை. அங்கு நிலவிய உரிமை எதன் மீதானது, அதனைக் காத்தவர் யாவர் என்பனவே ஆராயத்தக்கவை.

பலகையின் உரிமை

தென் சோங் அரசின் ஷாவோசி ஆண்டுகளில் (1190–1194) மெய்ஷானில் அச்சான 'தோங்து ஷிலுவே' என்னும் வரலாற்று நூலில் ஓர் அறிவிப்பு உள்ளது. வெளியிட்ட செங் குடும்பத்தார் மேலதிகாரிகளிடம் விண்ணப்பித்துள்ளனர் என்றும், பிறர் பலகையை மீளச் செதுக்கலாகாது என்றும் அது கூறுகிறது. இங்குக் காக்கப்பட்டது ஆசிரியரின் ஆக்கமன்று. மரப்பலகையில் பதிப்பாளர் இட்ட முதலே. அக்காப்பும் பொதுச்சட்டமன்று; அதிகாரிகளை அணுகிப் பெறும் தனிச்சலுகை.

ஜப்பானில் ஃபுகுஸாவா யுகிச்சி வழங்கச் செய்த சொல்லே பின்னர்ச் சீனத்தில் 'பான்ச்சுவான்' ஆயிற்று. 'பான்' என்பது அச்சுப்பலகை. 'ச்சுவான்' என்பது உரிமை. கள்ளப்பதிப்பைக் குறிக்கும் 'தாவோபான்' என்னும் சொல்லும் பலகைத் திருட்டு என்றே பொருள்படும்.

படைப்பாளியின் உரிமை

மொழிபெயர்ப்பாளர் யான் ஃபூ 1903இல் கமர்ஷியல் பிரஸ் பதிப்பகத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒரு திருப்பமாகும். விற்பனைக்குரிய ஒவ்வொரு படியிலும் அவரது முத்திரைத்தாள் ஒட்டப்பட வேண்டும். படிக்கணக்கில் அவருக்குப் பங்கு உண்டு. 1910ஆம் ஆண்டின் ச்சிங் அரசுச் சட்டம் 'பான்ச்சுவான்' என்பதை விடுத்து, 'ஜூசுவோச்சுவான்' (ஆக்கவுரிமை) என்னும் சொல்லை ஏற்றது. ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 30 ஆண்டுகளும் காப்புக்காலமாயின. மறு ஆண்டே புரட்சி மூண்டது. 1915, 1928ஆம் ஆண்டுகளில் புதிய சட்டங்கள் வந்தன.

காத்தவர் யாவர்?

அரசு நிலைகுலைந்திருந்த அக்காலத்தில் ஷாங்காய் நூல்வணிகர் சங்கம் உறுப்பினரின் அச்சுமூலங்களைப் பதிவுசெய்து, வழக்குகளைத் தானே விசாரித்தது. ஆயின், உறுப்பினரல்லாதாரை அதன் விதிகள் கட்டுப்படுத்தவில்லை. ஆகவே 1930களில் பெய்ப்பிங்கில் (இன்றைய பெய்ஜிங்) கள்ளப்பதிப்பாளரைத் தேடிப்பிடிக்கத் தனிப்பிரிவே அமைக்க நேர்ந்தது.

1949க்குப் பின் பதிப்புத்தொழில் அரசுடைமையாயிற்று. எழுத்தாளர்க்கு ஊதியம் கிடைத்ததெனினும் உரிமைச்சட்டம் இல்லை. 1990இல் இயற்றப்பட்ட சட்டம் 1991 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1992இல் சீனம் பெர்ன் உடன்படிக்கையில் இணைந்தது.

முடிவுரை

1990ஆம் ஆண்டுச் சட்டம் 'ஜூசுவோச்சுவான்', 'பான்ச்சுவான்' ஆகிய இரண்டும் ஒருபொருட்சொற்கள் என்று வரையறுத்தது. சட்டத்தில் ஒன்றான இவ்விரண்டும் வரலாற்றில் வெவ்வேறு உடைமைகளைச் சுட்டியவை: ஒன்று முதலீடு, மற்றொன்று ஆக்கம். எனவே சீனக் கள்ளப்பதிப்பு உரிமையுணர்வு இன்மையால் மட்டும் விளைந்ததன்று. உரிமையை அறிவித்தோரின் எல்லைக்கு அப்பால் அதனை நிலைநாட்டும் அதிகாரம் நெடுங்காலம் இல்லாமையே அதற்கு முதன்மைக் காரணம் எனலாம்.