சிற்பக்கூடமும் எழுத்துக்கூடமும்: படைப்பெழுத்தை இளநிலைப் பட்டப்படிப்பாகக் கற்பித்தல் – படூர், மாமல்லபுரக் கடற்கரையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

படைப்பெழுத்தைக் கற்பிக்க முடியுமா என்னும் வினா தமிழ்க் கல்வியுலகில் நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகிறது. மாமல்லபுரத்தில் சிற்பமும் திருவான்மியூரில் நடனமும் முறையான பாடத்திட்டத்தின்வழிக் கற்பிக்கப்படுகின்றன. அதே கடற்கரையிலுள்ள கலை அறிவியல் கல்லூரிகளில் தமிழில் எழுதும் பயிற்சி பாடத்திட்டத்தின் ஓரத்திலேயே நிற்கிறது. இவ்வேறுபாட்டின் காரணங்களையும், தமிழ் மரபில் எழுத்து கற்பிக்கப்பட்ட முறைகளையும், பிற நாடுகளிலும் பிற இந்திய மொழிகளிலும் உள்ள முயற்சிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. படைப்பெழுத்துப் பட்டப்படிப்பின் உயிர்நிலை பாடநூலில் இல்லை, திருத்தத்தையும் மதிப்பீட்டையும் அமைக்கும் முறையிலேயே உள்ளது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: படைப்பெழுத்து, இளநிலைப் பட்டம், படூர், மாமல்லபுரம், நன்னூல், குருகுலம், மதிப்பீடு.

முன்னுரை

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பழைய மாமல்லபுரம் சாலையில், சிறுசேரிக்கும் கேளம்பாக்கத்திற்கும் இடையே அமைந்த ஊர் படூர். 2019ஆம் ஆண்டு காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் இவ்வூர் அடங்கும். ஒருபுறம் சிறுசேரியின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா, மறுபுறம் கேளம்பாக்கத்து உப்பளங்கள், கிழக்கே கோவளத்து மீனவர் குடியிருப்புகள் என மூவகை வாழ்க்கை இங்கே அருகருகே நிலவுகிறது. 1985இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி 2008இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற இந்துஸ்தான் தொழில்நுட்பம் மற்றும் அறிவியல் கழகம் படூரில் இயங்குகிறது. கலை அறிவியல் கல்வியும் இப்பகுதியில் பரவியுள்ளது.

இத்தகைய கல்லூரிகளில் பயிலும் மாணவர் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பை எட்டியவர்கள். தம் ஊர் கண்முன்னே உருமாறுவதைக் கண்டு வளர்ந்தவர்கள். அம்மாற்றத்தை எழுத்தாக்கும் பயிற்சி அவர்களுக்குக் கல்லூரியில் கிட்டுகிறதா என்பதே இக்கட்டுரையின் தொடக்க வினா.

இன்றைய பாடத்திட்டத்தில் எழுத்தின் இடம்

தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்பு மூன்றாண்டுகளையும் ஆறு பருவங்களையும் கொண்டது. பகுதி ஒன்றில் இடம்பெறும் தமிழ், பல துறை மாணவர்க்கும் பொதுவானது. அதில் மரபுக்கவிதை, புதுக்கவிதை, சிறுகதை, புதினம், நாடகம் ஆகியன பாடமாக வைக்கப்படுகின்றன. இளங்கலைத் தமிழில் படைப்பிலக்கியப் பயிற்சி சார்ந்த தாள்களும் பல இடங்களில் உண்டு.

எனினும் இத்தாள்களின் மதிப்பீடு பிற தாள்களின் மதிப்பீட்டையே ஒத்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வழங்கிவந்த முறைப்படி அகமதிப்பீட்டிற்கு 25 மதிப்பெண்ணும் பருவத்தேர்விற்கு 75 மதிப்பெண்ணும் உரியன. மூன்று மணி நேரத் தேர்வில் சிறுகதையின் இலக்கணத்தை விளக்குமாறு கேட்கலாம், ஒரு கவிதை எழுதுமாறும் கேட்கலாம். ஆனால் எழுதியதை ஆறவிட்டுப் படித்து, குறைகண்டு, மீண்டும் எழுதுவதற்குத் தேர்வறையில் இடமில்லை. எழுத்துப் பணியின் பெரும்பகுதி அந்தத் திருத்தமே. அதனை அளக்காத தேர்வு, சிறுகதையைப் பற்றிய அறிவை அளக்கிறது. சிறுகதை எழுதும் திறனை அது அளப்பதில்லை.

மாமல்லபுரம் காட்டும் வழி

படூரிலிருந்து அதே சாலையில் தெற்கே சென்றால் மாமல்லபுரத்தை அடையலாம். அங்கு 1957ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இயங்குகிறது. வை. கணபதி ஸ்தபதி இதன் முதல்வராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறந்துவைக்கப்பட்ட கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலையை வடிவமைத்தவர் அவரே.

தந்தையிடம் மகன் கற்ற குலத்தொழிலாக வழங்கிய சிற்பம், இக்கல்லூரியின் வருகைக்குப் பின் பட்டத்திற்குரிய பாடமாயிற்று. மாணவர் கோட்டோவியம் பயில்கின்றனர், உருவங்களின் அளவுமுறையாகிய தாலமானத்தைக் கற்கின்றனர், கல், மரம், சுதை, உலோகம் ஆகியவற்றில் செய்து பழகுகின்றனர். நூலறிவு உண்டு, ஆயினும் பட்டத்தின் தகுதியை முடிவு செய்வது மாணவரின் கையில் உருவாகும் படைப்பே. பிழை நேர்ந்த இடத்தை ஆசிரியர் கூடத்திலேயே சுட்டிக்காட்டுகிறார்.

இங்குப் பயில்வோர் அனைவரும் பெருஞ்சிற்பி ஆவர் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. வரலாறு பயின்றோர் அனைவரும் வரலாற்றாசிரியர் ஆவதில்லை. அதனால் வரலாற்றுப் பட்டம் வீண் என்று கூறுவாரும் இல்லை. எழுத்துக்கு மட்டும், இதனால் எத்தனை எழுத்தாளர் உருவாவர் என்னும் வினா முதலில் எழுவது வியப்பிற்குரியது. 1936இல் நிறுவப்பட்ட கலாக்ஷேத்திரா நடனத்தையும் இசையையும் இக்கடற்கரையில் பாடமாக்கியது. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று அமைத்த சோழமண்டலம் ஓவியர் கிராமம், கலைஞர் கூடி வாழ்ந்து தொழில் செய்யும் இடமாயிற்று. கல்லுக்கும் உடலுக்கும் வண்ணத்திற்கும் கூடங்கள் அமைந்துவிட்டன. சொல்லுக்கான கூடம் இன்னும் அவற்றோடு ஒப்ப வளரவில்லை.

தமிழ் மரபில் எழுத்துக் கல்வி

எழுத்து பிறவித்திறன், அதனைக் கற்பிக்க இயலாது என்னும் கருத்திற்குத் தமிழ் மரபு துணைநிற்பதில்லை. அமிதசாகரரின் யாப்பருங்கலக்காரிகை, தண்டியலங்காரம், பாட்டியல் நூல்கள் ஆகியன செய்யுள் செய்வார்க்குப் பயன்படும் கருவிநூல்கள். படிப்பவருக்கு மட்டுமன்றிப் படைப்பவருக்கும் உரியனவாகவே அவை கற்கப்பட்டன.

பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், பாயிரப் பகுதியில் கல்விமுறை ஒன்றை வகுத்துரைக்கிறது. ஆசிரியர் கூறியதை நன்கு உள்வாங்கினாலும் மாணவர் பெறுவது கால்பங்கே. உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு கால்பங்கு கிட்டும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிறையும். இக்கணக்கின்படி அறிவின் முக்கால் பங்கு ஆசிரியரின் விரிவுரைக்கு வெளியே உள்ளது. மாணவர் வட்டமாக அமர்ந்து ஒருவர் எழுத்தை மற்றவர் படித்துக் கருத்துரைக்கும் இன்றைய பயிலரங்க முறைக்கு இதனினும் தெளிவான அடிப்படை தேவையில்லை.

நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் நன்னூல் பட்டியலிடுகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் முதலியன அக்குற்றங்களுள் அடங்கும். இவை இலக்கண நூல் போன்றவற்றை மனத்திற்கொண்டு கூறப்பட்டவை. எனினும் ஒரு சிறுகதை வலுவாகத் தொடங்கி இறுதியில் மெலிந்து போவதைச் சுட்டச் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்பதினும் பொருத்தமான கலைச்சொல் அரிது. ‘நன்றாக இருக்கிறது’, ‘நன்றாக இல்லை’ என்பவற்றைக் கடந்து பேசுவதற்குரிய சொற்கள் மாணவரிடம் ஏற்கெனவே உள்ளன. இலக்கணத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் அச்சொற்களைத் தம் எழுத்தின்மீது பயன்படுத்த அவர்கள் பழக்கப்படவில்லை.

இம்மரபு நடைமுறையில் இயங்கியதற்குச் சான்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815–1876) மாணவர் கூட்டம். 1871இல் அவரிடம் மாணவராகச் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் (1855–1942), அக்கல்வியின் இயல்பை ‘என் சரித்திரம்’ நூலில் விரிவாகப் பதிவுசெய்துள்ளார். ஆசிரியர் செய்யுளைச் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதினர். ஒரு பெரும்புலவரின் மனத்தில் செய்யுள் உருவாகும் முறையை அவர்கள் அருகிலிருந்து கண்டனர். தாமும் செய்யுள் இயற்றிக் காட்டினர். இயற்றிய நூலை அவையில் அரங்கேற்றி, கேட்போரின் ஐயங்களுக்கு விடையளிக்கும் வழக்கமும் இருந்தது.

இக்கல்வியின் எல்லையையும் மறத்தலாகாது. ஆசிரியரின் அருகில் சென்று தங்கும் வாய்ப்பு சிலருக்கே இருந்தது. பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சமூகத்தினருக்கும் அவ்வாயில் பெரிதும் அடைபட்டிருந்தது. விண்ணப்பிப்போருக்கெல்லாம் திறந்திருக்க வேண்டியது பல்கலைக்கழகம். எழுத்துப் பயிற்சி அங்கு நுழையாவிடில், வீட்டில் நூலகமும் பத்திரிகைத் தொடர்பும் உடையோரே அதனைப் பெறுவர். படைப்பெழுத்துப் பட்டத்தின் தேவை இவ்விடத்தில்தான் சமூக நீதியோடு இணைகிறது.

பிற நாடுகள், பிற மொழிகள்

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1922இல் படைப்பு நூலை உயர்பட்டத்திற்கான ஆய்வேட்டிற்கு இணையாக ஏற்க முன்வந்தது. 1936இல் அங்கு எழுத்தாளர் பயிலரங்கம் உருப்பெற்றது. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் 1970இல் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் படைப்பெழுத்து முதுகலைப் படிப்பைத் தொடங்கினர். 2017இல் நோபல் பரிசு பெற்ற கசுவோ இசிகுரோ அதன் மாணவர்.

அயோவாவிற்கும் தமிழுக்கும் ஓர் உறவு உண்டு. அங்கு 1967இல் தொடங்கப்பெற்ற பன்னாட்டு எழுத்துத் திட்டத்தில் 1970களில் பங்கேற்ற அசோகமித்திரன், அவ்வனுபவத்தை ‘ஒற்றன்’ என்னும் புதினமாக்கினார். அது பட்டப்படிப்பு அன்று. ஆயினும் ஒரு பல்கலைக்கழகம் எழுத்தாளருக்குக் காலமும் இடமும் அளிப்பதன் பயனைத் தமிழ் வாசகருக்கு அது காட்டியது.

இந்தியாவில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் படைப்பெழுத்தில் பட்டயப் படிப்பை வழங்கியுள்ளது. 2012இல் திரூரில் நிறுவப்பட்ட துஞ்சத்து எழுத்தச்சன் மலையாளப் பல்கலைக்கழகம், இலக்கியப் படைப்பைத் தாய்மொழிவழி முதுகலைப் பிரிவாகவே அமைத்தது. அண்டை மொழியில் இயன்றது தமிழில் இயலாமைக்கு மொழி காரணமாக இருத்தல் இயலாது.

தமிழகத்திலேயே கிடைக்கும் சான்று

தமிழ்ப் பேராசிரியர்கள் படைப்பாளிகளாகவும் விளங்கிய மரபு வலுவானது. சிற்பி, அப்துல் ரகுமான், மு. மேத்தா ஆகியோர் கல்லூரிப் பணியிலிருந்தே புதுக்கவிதையை மாணவரிடம் கொண்டுசேர்த்தனர். பெருமாள்முருகன் நாமக்கல்லில் நடத்திய ‘கூடு’ ஆய்வுச் சந்திப்பு இன்னும் நெருங்கிய சான்று. அவர் தொகுத்து 2013இல் வெளிவந்த ‘சாதியும் நானும்’ நூலில், அவருடைய மாணவர் உள்ளிட்டோர் சாதி குறித்த தம் அனுபவங்களைக் கட்டுரைகளாக எழுதினர். பின்னர் அந்நூல் ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது. கேட்போர் கூட்டமும் வழிகாட்டும் ஆசிரியரும் வாய்த்தால் இளையோர் தம் வாழ்வை இலக்கியத் தரத்துடன் எழுதுவர் என்பது இதனால் விளங்கும். இம்முயற்சி வகுப்புக்கு வெளியே, ஓர் ஆசிரியரின் சொந்த ஆர்வத்தால் நிகழ்ந்தது. அவ்வார்வத்தை அமைப்பாக்குவதே பட்டப்படிப்பின் பணி.

பட்டப்படிப்பின் கூறுகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் தமிழ்ப் படைப்பெழுத்து இளநிலைப் படிப்பிற்குரிய ஐந்து கூறுகளை வகுக்கலாம்.

முதலாவது, வாசிப்பு. சங்கப் பாடல் முதல் இக்காலப் புதினம் வரை, எவ்வாறு கட்டப்பட்டது என்னும் நோக்கில் படித்தல். இரண்டாவது, வடிவப் பயிற்சி. வெண்பா யாப்பையும் உரையாடல் எழுதுதலையும் ஒருங்கே பழகுதல். மூன்றாவது, கூட்டுத் திருத்தம். பன்னிருவர் முதல் பதினைவர் வரையிலான குழுவில் ஒருவர் எழுத்தை ஏனையோர் ஆராய்தல். அறுபது மாணவர் அமரும் வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்தால் இது கைகூடும். நான்காவது, களப்பணி. உப்பளத் தொழிலாளர், மீனவர், கட்டுமானப் பணிக்கு வந்த வடமாநிலத்தவர் ஆகியோரின் பேச்சையும் தொழிற்சொற்களையும் கேட்டுப் பதிவுசெய்தல். ஐந்தாவது, பதிப்புத் தொழில். மெய்ப்புத் திருத்தம், மொழிபெயர்ப்பு, திரைக்கதை, காப்புரிமை ஆகியவற்றை அறிதல். எழுத்தையே நம்பி வாழ்வது தமிழில் அரிது. ஆகவே எழுத்தைச் சார்ந்த பிற தொழில்களுக்கும் மாணவரை ஆயத்தப்படுத்துதல் கடமையாகும்.

மதிப்பீட்டில் இறுதிப் படைப்போடு அதன் முந்தைய வரைவுகளும், மாற்றங்களின் காரணத்தை மாணவர் விளக்கும் கட்டுரையும் இடம்பெற வேண்டும். சுவை ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடும் என்பதால் படைப்பின் சிறப்பை மட்டும் மதிப்பிடுதல் ஐயத்திற்கு இடமளிக்கும். முதல் வரைவிற்கும் இறுதி வரைவிற்கும் இடையிலான வளர்ச்சியோ கண்முன் காட்டத்தக்கது.

கற்பிப்போர் யார் என்னும் சிக்கலுக்கும் வழியுண்டு. முறையான கல்வித்தகுதி இல்லாத துறைவல்லுநரை நடைமுறைப் பேராசிரியராக, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்து விழுக்காட்டிற்கு மிகாமல் அமர்த்தப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இடமளிக்கிறது. இதற்கு முன்னோடியும் உண்டு. பள்ளிக் கல்வியை நிறைவு செய்யாத கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக ஏற்றுக்கொண்டது.

மறுப்புகள்

பயிலரங்கம் எல்லோரையும் ஒரே வார்ப்பில் எழுதச் செய்யும் என்பது அமெரிக்காவிலும் கூறப்படும் குறை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. மேலைநாட்டுப் பயிற்சி நூலை அப்படியே இங்கு இறக்கினால் அக்குறை இரட்டிப்பாகும். களப்பணியும் தமிழின் பல்வகை உரைநடைகளை வாசித்தலும் அதற்குரிய தடுப்பு. மாணவரின் வட்டார வழக்கைப் பிழையெனத் திருத்துவதும், அதன் ஆற்றலை உணர்ந்து பயன்படுத்தக் கற்பிப்பதும் வெவ்வேறு செயல்கள். அவ்வேறுபாட்டை அறிந்த ஆசிரியரே இப்படிப்பிற்கு உரியவர்.

முடிவுரை

படைப்பெழுத்தைக் கற்பிக்க இயலும் என்பதற்கு நன்னூலும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் கூட்டமும் சான்றாகின்றன. கலையைப் பட்டமாக்கலாம் என்பதற்கு மாமல்லபுரக் கல்லூரியும், தாய்மொழியில் அதனைச் செய்யலாம் என்பதற்குத் திரூரும் சான்றாகின்றன. எஞ்சி நிற்பது மூன்று மணி நேரத் தேர்வின் பிடியைத் தளர்த்தும் துணிவே. முழுப் பட்டப்படிப்பு உடனே அமையாவிடினும், உள்ள படைப்பிலக்கியத் தாளின் மதிப்பீட்டை வரைவுத் தொகுப்பாக மாற்றுவதிலிருந்து தொடங்கலாம். அதற்குப் புதிய கட்டடமோ பெருநிதியோ தேவையில்லை. படூரைச் சூழ்ந்த உப்பளங்களும் குப்பங்களும் உருமாறி வருகின்றன. அவற்றின் சொற்கள் வழக்கிலிருந்து மறையுமுன், அவ்வூர்களின் பிள்ளைகளே அவற்றை எழுதும் வாய்ப்பைக் கல்லூரிகள் ஏற்படுத்தித் தருதல் வேண்டும்.