நெட்டாங்குச் சிக்கல்

நெட்டாங்குச் சிக்கல் என்பது, கரை தெரியாத நடுக்கடலில் செல்லும் ஒரு கப்பல், தான் கிழக்கு மேற்காக எவ்விடத்தில் உள்ளது என்பதை எவ்வாறு அறிவது என்னும் வினாவைக் குறிக்கும். ஐரோப்பியர் பெருங்கடல்களைக் கடந்து செல்லத் தொடங்கிய 15 ஆம் நூற்றாண்டு முதல் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இதற்கு நடைமுறைக்கு ஏற்ற விடை கிடைக்கவில்லை. இதனால் பல கப்பல்கள் பாறைகளில் மோதி அழிந்தன. இடத்தைப் பற்றிய இச்சிக்கல் உண்மையில் நேரத்தைப் பற்றிய சிக்கலே ஆகும். இதற்குத் தீர்வு தந்தவர்களுள் முதன்மையானவர், இங்கிலாந்தைச் சேர்ந்த தச்சரும் கடிகாரம் செய்பவருமான ஜான் ஹாரிசன் (1693 - 1776) ஆவார்.

அகலாங்கும் நெட்டாங்கும்

புவியில் ஓர் இடத்தைக் குறிப்பிட இரண்டு அளவுகள் தேவை. நிலநடுக்கோட்டில் இருந்து வடக்கு அல்லது தெற்காக உள்ள கோண அளவு அகலாங்கு (அட்சரேகை) எனப்படும். வடக்குத் தெற்காகச் செல்லும் ஒரு குறிப்பிட்ட கோட்டில் இருந்து கிழக்கு அல்லது மேற்காக உள்ள கோண அளவு நெட்டாங்கு (தீர்க்கரேகை) எனப்படும்.

அகலாங்கை அறிவது எளிது. வட அரைக்கோளத்தில் துருவ விண்மீன் அடிவானத்தில் இருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே அவ்விடத்தின் அகலாங்கு ஆகும். நண்பகல் ஞாயிற்றின் உயரத்தைக் கொண்டும் இதைக் கணிக்கலாம். ஆனால் நெட்டாங்கைக் காட்டும் அடையாளம் எதுவும் வானில் இவ்வாறு நிலையாக நிற்பதில்லை. புவி மேற்கில் இருந்து கிழக்காகத் தன்னைத்தானே சுற்றுவதால், ஒரே அகலாங்கில் உள்ள எல்லா இடங்களுக்கும் அதே வானம் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சி தருகிறது. வேறுபடுவது அக்காட்சி தோன்றும் நேரம் மட்டுமே.

நேரமும் நெட்டாங்கும்

புவி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. எனவே ஒரு மணி நேரத்துக்கு 15 பாகையும், 4 நிமிடத்துக்கு ஒரு பாகையும் சுழல்கிறது. இரண்டு இடங்களின் உள்ளூர் நேரங்களுக்கு இடையேயான வேறுபாடு தெரிந்தால், அவற்றின் நெட்டாங்கு வேறுபாடும் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, சென்னையில் ஞாயிறு உச்சியில் இருக்கும்போது, கிரீன்விச்சின் உள்ளூர் நேரத்தைக் காட்டும் கடிகாரம் காலை 6 மணி 39 நிமிடம் எனக் காட்டுவதாகக் கொள்வோம். வேறுபாடு 5 மணி 21 நிமிடம், அதாவது 321 நிமிடம் ஆகும். இதை 4 ஆல் வகுத்தால் 80.25 கிடைக்கும். சென்னை கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 80¼ பாகையில் உள்ளது என்பது இதன் பொருள்.

கப்பலில் உள்ளூர் நேரத்தை ஞாயிற்றைக் கொண்டு அறியலாம். அதே கணத்தில் புறப்பட்ட துறைமுகத்தில் என்ன நேரம் என்பதை அறிவதே கடினமானது. நிலநடுக்கோட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர் ஆகும். எனவே கடிகாரத்தில் ஒரு நிமிடம் பிழை இருந்தால், இடத்தில் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் பிழை ஏற்படும்.

சிலித் தீவுகள் பேரழிவும் 1714 ஆம் ஆண்டுச் சட்டமும்

மாலுமிகள் கப்பலின் விரைவு, திசை, சென்ற நேரம் ஆகியவற்றைக் கொண்டு தமது இடத்தை மதிப்பிட்டு வந்தனர். நீரோட்டமும் காற்றும் இம்மதிப்பீட்டைப் பிழையாக்கின. 1707 ஆம் ஆண்டு அக்டோபரில், கிளவுட்சிலி சோவெல் என்னும் தளபதியின் தலைமையில் இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரித்தானியக் கடற்படையின் நான்கு கப்பல்கள் சிலித் தீவுகளின் பாறைகளில் மோதி மூழ்கின. சோவெல் உட்பட 1,400 முதல் 2,000 பேர் வரை உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. நெட்டாங்கு தெரியாமை மட்டுமன்றி, அகலாங்குக் கணிப்பில் இருந்த பிழைகளும் இதற்குக் காரணமாயின என்பது பிற்கால ஆய்வுகளில் தெரிய வந்தது. எனினும் கடற்பயணத்தின் ஆபத்தை நாட்டு மக்கள் உணர இந்நிகழ்வு வழி செய்தது.

1714 ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் நெட்டாங்குச் சட்டத்தை இயற்றியது. இதன்படி அறிவிக்கப்பட்ட பரிசுகள் வருமாறு:

* ஒரு பாகைக்குள் துல்லியம் உள்ள முறைக்கு 10,000 பவுண்டு
* மூன்றில் இரண்டு பாகைக்குள் துல்லியம் உள்ள முறைக்கு 15,000 பவுண்டு
* அரைப் பாகைக்குள் துல்லியம் உள்ள முறைக்கு 20,000 பவுண்டு

முறைகளை ஆராய்ந்து முடிவெடுக்க நெட்டாங்கு வாரியம் ஒன்றும் அமைக்கப்பட்டது. அரைப் பாகை என்பது இரண்டு நிமிட நேரத்துக்குச் சமம். ஆறு வாரப் பயணத்தில் கடிகாரத்தின் பிழை இரண்டு நிமிடத்துக்குள் அடங்க வேண்டுமெனில், அது நாளொன்றுக்கு மூன்று நொடிக்கு மேல் பிழைக்கக்கூடாது.

வானத்தையே கடிகாரமாகக் கொள்ளல்

பல அறிஞர்கள் விண்பொருட்களில் இருந்து நேரத்தை அறிய முயன்றனர். 1610 ஆம் ஆண்டில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்ட கலீலியோ, அவை வியாழனின் நிழலில் மறையும் நேரங்களைப் பயன்படுத்தலாம் என்றார். இம்முறை தரையில் நன்கு பயன்பட்டது. ஆடும் கப்பலில் நின்று தொலைநோக்கியால் அந்நிலவுகளைக் காண்பது இயலவில்லை.

மற்றொரு முறை நிலாத் தொலைவு முறை ஆகும். நிலா விண்மீன்களுக்கு இடையே ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ அரைப் பாகை நகர்கிறது. நிலாவுக்கும் ஒரு விண்மீனுக்கும் இடையேயான கோணத்தை அளந்து, அட்டவணையுடன் ஒப்பிட்டு நேரத்தை அறியலாம். செருமானிய வானியலாளர் டோபியாசு மேயர் இதற்குத் தேவையான நிலா அட்டவணைகளை உருவாக்கினார். நெவில் மசுக்கலின் 1767 ஆம் ஆண்டுக்கான கடற்பயணப் பஞ்சாங்கத்தை வெளியிட்டு, இம்முறையை மாலுமிகளின் கைக்குக் கொண்டு சேர்த்தார். ஆனால் கணக்குகள் நீண்டவை. மேகம் மறைத்தாலும் அமாவாசை வந்தாலும் இம்முறை பயன்படாது.

ஜான் ஹாரிசனின் கடிகாரங்கள்

அக்காலத்தில் துல்லியமாக நேரம் காட்டியவை ஊசல் கடிகாரங்கள் ஆகும். கப்பலின் ஆட்டத்தில் ஊசல் ஒழுங்காக ஆடாது. வெப்பத்தில் உலோகம் நீண்டு கடிகாரம் மெதுவாகும். குளிரில் சுருங்கி விரைவாகும். எண்ணெய் தடிப்பதாலும் இளகுவதாலும் ஓட்டம் மாறும். இக்காரணங்களால் கடலில் துல்லியமான கடிகாரம் இயலாது என்றே பலரும் கருதினர்.

முறையான உயர்கல்வி பெறாத ஹாரிசன் இத்தடைகளை ஒவ்வொன்றாக நீக்கினார். 1735 இல் முடித்த முதல் கடிகாரத்தில், ஊசலுக்கு மாற்றாக வில்களால் இணைக்கப்பட்டு எதிரெதிராக ஆடும் இரண்டு எடைகளை அமைத்தார். மூன்றாவது கடிகாரத்துக்கு ஏறத்தாழ 19 ஆண்டுகள் உழைத்தார். வெப்பநிலை மாற்றத்தை ஈடுசெய்யும் ஈருலோகப் பட்டை, உராய்வைக் குறைக்கும் உருளைத் தாங்கி ஆகியவை அதன் பயனாகத் தோன்றியவை. இவை இன்றும் பல இயந்திரங்களில் பயன்படுகின்றன.

1759 இல் அவர் முடித்த நான்காவது கருவி, முந்தையவற்றைப் போலப் பெரியது அன்று. 13 சென்டிமீட்டர் குறுக்களவு கொண்ட ஒரு பெரிய சட்டைப்பைக் கடிகாரம் போன்று அது இருந்தது. அதன் சமநிலைச் சில்லு விரைவாக ஆடியதால் கப்பலின் மெதுவான ஆட்டம் அதை அதிகம் பாதிக்கவில்லை. 1761 நவம்பரில் அவருடைய மகன் வில்லியம் அதனுடன் யமேக்காவுக்குப் புறப்பட்டார். சனவரியில் அங்கு சேர்ந்தபோது, அறிந்திருந்த நாள் பிழையைக் கழித்த பின், கடிகாரம் 5.1 நொடி மட்டுமே பின்தங்கி இருந்தது.

பரிசு பற்றிய பிணக்கு

யமேக்காவின் நெட்டாங்கே உறுதியாகத் தெரியாது என்றும், இம்முடிவு தற்செயலாக இருக்கலாம் என்றும் கூறி வாரியம் மீண்டும் சோதனை கேட்டது. 1764 இல் பார்படோசுக்கு நடந்த பயணத்தில் பிழை ஏறத்தாழ 39 நொடியாக இருந்தது. இது சட்டம் கேட்ட துல்லியத்தைப் போல் மூன்று மடங்கு ஆகும். ஆயினும் வாரியம் பரிசில் பாதியையே, கடிகாரத்தின் அமைப்பை முழுவதும் விளக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் தந்தது.

ஒரே ஒரு கடிகாரம் நன்றாக ஓடுவது போதுமா, மற்றவரும் அதைச் செய்ய இயல வேண்டுமா என்பதே வாரியத்தின் வினா. அது நியாயமற்றது அன்று. ஆனால் போட்டி முறையான நிலாத் தொலைவு முறையை ஆதரித்த மசுக்கலின் 1765 முதல் அரச வானியலாளராகவும் வாரிய உறுப்பினராகவும் இருந்ததால், தமக்கு நீதி கிடைக்கவில்லை என ஹாரிசன் கருதினார். அவர் மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் முறையிட்டார். 1773 இல், தமது 80 ஆவது வயதில், நாடாளுமன்றத்திடம் இருந்து 8,750 பவுண்டு பெற்றார். சட்டத்தில் கூறிய முழுப் பரிசு எவருக்கும் வழங்கப்படவே இல்லை.

விளைவுகள்

மற்றவரும் செய்ய இயலுமா என்னும் வினாவுக்கு லார்க்கம் கெண்டல் விடை தந்தார். அவர் செய்த படிக் கடிகாரத்தை ஜேம்சு குக் 1772 முதல் 1775 வரையான தமது இரண்டாம் பயணத்தில் எடுத்துச் சென்று பெரிதும் பாராட்டினார். பின்னர் ஜான் ஆர்னால்டு, தாமசு எர்ன்சா ஆகியோர் எளிய அமைப்புகளை உருவாக்க, கடற் காலமானிகளின் விலை குறைந்தது. சார்லசு டார்வின் சென்ற பீகிள் கப்பல் 1831 இல் புறப்பட்டபோது அதில் 22 காலமானிகள் இருந்தன.

1884 இல் வாசிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு கிரீன்விச் வழியாகச் செல்லும் கோட்டை 0 பாகையாக ஏற்றது. இந்தியாவில் 1906 ஆம் ஆண்டு சனவரி 1 முதல் 82½ பாகை கிழக்கு நெட்டாங்கின் நேரம் சீர்நேரமாகக் கொள்ளப்பட்டது. கிரீன்விச் நேரத்தை விட இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் முந்தி இருப்பதற்கு இதுவே காரணம்.

இன்று கைப்பேசியில் இடத்தைக் காட்டும் செயற்கைக்கோள்களும் இதே அடிப்படையில் இயங்குகின்றன. அவற்றில் உள்ள அணுக் கடிகாரங்கள் அனுப்பும் குறிப்பலைகள் வந்து சேரும் நேரத்தைக் கொண்டே தொலைவு கணிக்கப்படுகிறது. ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும், தொலைவு 300 மீட்டர் பிழைபடும்.