கலயத்தில் ஒரு விரல் சுண்ணாம்பு

சித்திரை மாதத்து மதுரை வெயில் எப்படிப்பட்டது என்று மதுரைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீனாட்சி கல்யாணம் பார்க்க வந்து, நெரிசலில் நின்று, நாக்கு வறண்டு போன வெளியூர்ச் சகோதரிகளைக் கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்கள். அந்த வேளையில் தெருவோரத்தில் ஒரு சைக்கிள் தென்படும். பின்னால் பெரிய கேன், முன்னால் பச்சைப் பனையோலைக் கட்டு. ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, இரண்டு நுங்கைப் பிதுக்கிப் போட்டு, அதன்மேல் பதனியை ஊற்றிக் கொடுப்பார் அந்த மனிதர். ஆஹா! அதைக் குடித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால், குழந்தைக்கும் வாங்கிக் கொடுக்கலாமா என்று தாய்மார்களுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வரும். பதனியும் கள்ளும் ஒரே மரத்தில்தானே இறங்குகின்றன?

சந்தேகம் நியாயமானதுதான். மரம் ஒன்று, பாளை ஒன்று, சாறும் ஒன்று. இரண்டையும் பிரித்து வைப்பது கலயத்தின் உட்புறத்தில் விரலால் தடவிய சுண்ணாம்பு, அவ்வளவுதான்!

பனஞ்சாறு பாளையிலிருந்து சொட்டும்போது தித்திப்பாகத்தான் சொட்டுகிறது. நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு போல அதில் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரையைக் கண்டால் காற்றிலும் கலயத்திலும் காத்திருக்கும் நுண்ணுயிர்களுக்குக் கொண்டாட்டம். நம்முடைய தோசை மாவு இரவில் பொங்குகிறதே, அதே சங்கதிதான். நம் ஊர் வெயிலில் சில மணி நேரத்தில் சாறு நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பின் காரம் அந்த நுண்ணுயிர்களைத் தலையெடுக்க விடுவதில்லை. அதனால் சாறு சாறாகவே இருக்கிறது.

இந்தச் சமையல் சூட்சுமத்தைத்தான் சர்க்கார் சட்டமாக எழுதி வைத்திருக்கிறது. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தில், புளித்த சாறு கள்; புளிக்காதபடி பக்குவம் செய்த கலயத்தில் இறக்கிய சாறு பதநீர். முன்னது குற்றம், பின்னது தொழில். அந்த வருஷம் அக்டோபர் முதல் தேதி ராஜாஜியின் மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-இல் அது மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971-இல் கடைகள் திறந்தன, பிறகு மூடின, மறுபடி திறந்தன. கள்ளுக்கு மட்டும் 1987 முதல் போட்ட பூட்டு இன்னும் திறக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை! நூற்றுக்கு ஐந்து பங்கு போலச் சாராயம் உள்ள கள் கூடாதாம், 42.8 பங்கு உள்ள பிராந்தியைச் சர்க்கார் கடையே விற்கலாமாம். இதற்கு நியாயம் சொல்லத் தெரிந்தவர்கள் எனக்கு எழுதலாம்.

பனையேறியின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இடுப்பில் பாளை அரிவாள், அதோடு ஒரு சுண்ணாம்புப் பெட்டி, காலில் தளைநார். அறுபது அடி உயரத்தில் மட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டு பாளையை இடுக்கி, நுனியைச் சீவி, கலயத்தைக் கட்டுகிறார். காலையிலும் மாலையிலும், மரத்துக்கு மரம் இதே வேலை. சுண்ணாம்பு கூடிவிட்டால் பதனி நாக்கைக் கூசும், வாங்குவார் இல்லை. குறைந்துவிட்டால் புளித்துவிடும், அப்புறம் போலீஸ்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். தராசும் கிடையாது, படியும் கிடையாது. அவருடைய விரல்தான் அளவு. பரம்பரையாக வந்த அந்த விரல் கணக்கின் மேல்தான் ஒரு குடும்பத்தின் ஜீவனம் நிற்கிறது.

மேல்நாட்டில் திராட்சை ஒயின் செய்கிறவர்களுக்கும் இப்படி விதிகள் உண்டு. அங்கே சுண்ணாம்புக்குப் பதில் கந்தகப் புகை. ஒயின் கெடாமலிருக்க அதைச் சேர்க்கலாம். ஆனால் லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் போனால் புட்டியில் எழுதியாக வேண்டும். 1985-இல் ஆஸ்திரியாவில் சில வியாபாரிகள் ஒயினுக்குத் தித்திப்பும் கனமும் வரட்டும் என்று டைஎதிலீன் கிளைகால் என்ற ரசாயனத்தைக் கலந்து பிடிபட்டார்கள். மறு வருஷமே இத்தாலியில் மெதனால் கலந்த ஒயினைக் குடித்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு அங்கே விதிகள் இறுகின. ஐரோப்பிய யூனியனில் 2023 டிசம்பர் எட்டாம் தேதி முதல், ஒயினில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்பதையும் வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? கம்பத்துப் பன்னீர்த் திராட்சைத் தோட்டங்களைத் தாண்டி மலை ஏறி இறங்கினால் கேரளம். அங்கே கள்ளுக்கு அனுமதி உண்டு. ஆனால் தென்னங்கள்ளில் சாராயம் நூற்றுக்கு 8.1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டு விதி சொல்லிற்று. அதற்கு மேல் இருந்தால் வெளியிலிருந்து எதையோ ஊற்றியிருக்கலாம் என்று சந்தேகம். மயக்க மருந்தைக் கலந்து அகப்பட்டவர்களும் அங்கே உண்டு.

நம் பக்கத்திலும் 2017-இல் தென்னை நீராவுக்கு விதிகள் வந்தன. காசர்கோட்டில் உள்ள தோட்டப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் சுண்ணாம்பே இல்லாமல், பனிக்கட்டிப் பெட்டிக்குள் சாற்றைச் சொட்டவிட்டு எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, அதற்குக் கல்பரசம் என்று பெயரும் வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் தினம் தினம் பனிக்கட்டிக்கு எங்கே போவார் நம் பனையேறி?

எனக்குக் கவலை கள்ளைப் பற்றியல்ல; பதனியே இல்லாத பதனியைப் பற்றி. தண்ணீரில் சாக்கரினைக் கரைத்துச் சுண்ணாம்பைக் காட்டி, கொஞ்சம் நிஜப் பதனியையும் வாசனைக்கு ஊற்றி விற்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். செயற்கை இனிப்பை எந்தப் பண்டத்தில் எவ்வளவு சேர்க்கலாம் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. சேர்த்ததை லேபிளில் காட்டவும் வேண்டும். சைக்கிள் கேனுக்கு ஏது லேபிள்? கருப்பட்டியிலும் இதே கதைதான். சீனிப்பாகைக் கலந்து காய்ச்சி அச்சில் ஊற்றி, பனங்கருப்பட்டி என்று தலையில் கட்டிவிடுகிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஆரத்தி கரைக்கிறோம் அல்லவா? மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும். ஒரு கரண்டிப் பதனியில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போடுங்கள். சிவந்தால் சுண்ணாம்பு இருக்கிறது, புளிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். மஞ்சளாகவே நின்று, நுரையும் புளிப்பு நெடியும் இருந்தால் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். சாக்கரின்காரர்தான் சுண்ணாம்பும் போடுகிறாரே, அவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? குடித்த பிறகும் வெகுநேரம் நாக்கில் தித்திப்பு ஒட்டிக்கொண்டு, கடைசியில் லேசாகக் கசந்தால் சந்தேகப்படுங்கள். காலையிலேயே வாங்குங்கள். எந்த ஊர் மரம், எப்போது இறக்கியது என்று கேளுங்கள். மரம் ஏறுகிறவராக இருந்தால் தயங்காமல் சொல்வார். நீங்கள் கேட்டதற்காக இன்னொரு நுங்கும் பிதுக்கிப் போடுவார்.