மகமையும் எண்ணெய்க் கம்பெனிகளும்

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டியிலிருந்து நாமக்கல் கிராமத்து மளிகைக் கடை வரை நாம் விற்கும் ஒவ்வொரு மூட்டையின் விலையிலும் டீசல் காசு அடங்கியிருக்கிறது. டீசல் ஏறினால் லாரி வாடகை ஏறும். வாடகை ஏறினால் பருப்பும் புளியும் ஏறும். பெட்ரோலியக் கிடங்குகள் நம் சங்ககிரியில் இருக்கின்றன. தென்னாட்டுச் சாலைகளில் ஓடும் கேஸ் டேங்கர் லாரிகளில் கணிசமானவை நாமக்கல்காரர்களுடையவை. எனவே எண்ணெய்க் கம்பெனிகள் ஊருக்கு என்ன செய்கின்றன என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வியாபாரத்தில் வந்ததில் ஒரு பங்கை ஊருக்குக் கொடுப்பது நமக்குப் புதிதல்ல. மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைத்து கோயில், சத்திரம், பள்ளிக்கூடம் நடத்திய பரம்பரை நம்முடையது. அதையே பெரிய கம்பெனிகளுக்குச் சட்டமாக்கியது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. எண்ணெய்க் கம்பெனிகளும் இதன்படி பள்ளிக் கட்டடம், மருத்துவ முகாம், குடிநீர் வசதி என்று செய்து வருகின்றன. நல்ல காரியமே.

ஆனால் மகமை கொடுக்கிறோம் என்பதற்காக எவரும் தராசில் கை வைக்க முடியுமா? எடை சரியாக இருப்பது முதல் தர்மம். மகமை அதற்கு அடுத்தது. எண்ணெய்த் தொழிலுக்கும் இதே நியாயம்தான்.

மணலி சுத்திகரிப்பு ஆலையைப் பாருங்கள். இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் கூட்டாக 1965இல் ஏற்படுத்திய மெட்ராஸ் ரிஃபைனரீஸ்தான், இன்று இந்தியன் ஆயில் குழுமத்திலுள்ள சென்னை பெட்ரோலியம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. ஆலையில் கசிவே இல்லை என்று நிர்வாகம் முதலில் மறுத்தது. ஆலை வளாகத்திலிருந்தே எண்ணெய் வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதற்குள் மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் எண்ணெயை மொண்டுகொண்டிருந்தார்கள். படகும் வலையும் பாழாகி, பிடித்த மீனையும் வாங்க ஆளில்லாமல் போனது. மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. கைமுதல் அழிந்த வியாபாரிக்கு அது எத்தனை நாளைக்குக் காணும் என்பது நமக்குத் தெரியும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். நைஜீரியாவின் போடோ பகுதியில் 2008இல் ஷெல் கம்பெனியின் குழாய் இருமுறை உடைந்து மீன்பிடி நீர்நிலைகள் நாசமாயின. அம்மக்கள் லண்டன் வரை சென்று வழக்காடிய பிறகு, 2015இல்தான் 5.5 கோடி பவுண்டு தர அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. ஒரு பக்கம் சேதத்தை விட்டுவிட்டு மறுபக்கம் பள்ளிக்கூடம் கட்டினால், அது பசுவைக் கொன்று செருப்பைத் தானம் செய்த கதையாகும்.

நம் சங்கங்கள் செய்யக்கூடியவை இரண்டு. அபாயகரமான பொருள்களைப் பெருமளவில் சேமிக்கும் இடங்களில் விபத்து நேர்ந்தால் சுற்றுப்புற மக்களைக் காக்கும் திட்டம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்க வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு விதி. கிடங்குகளை ஒட்டிக் கடை வைத்திருப்போர் அபாயச் சங்கு ஊதினால் எந்தப் பக்கம் போவது என்பதைச் சங்கத்தின் மூலம் கேட்டு அறிய வேண்டும். அடுத்து, தொழில் நடக்கும் வட்டாரத்துக்கே சமூக நிதியில் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. செலவு விவரம் கம்பெனியின் ஆண்டறிக்கையில் வெளியாகிறது. அதைப் பார்த்து, நம் வட்டாரத்துக்கு வந்தது எவ்வளவு என்று எழுதிக் கேட்கலாம்.

வணிகப் பெருமக்களே, கடைக்கு வருகிறவர் தராசைப் பார்த்துத்தான் நம்மை நம்புகிறார். எண்ணெய்க் கம்பெனிகளையும் நாம் அப்படியே பார்ப்போம். அவர்கள் கொடுக்கும் நன்கொடைக்கு நன்றி சொல்வோம். அதற்கு முன் எடை சரியா என்று கேட்போம்.