பழைய வீடியோ டெக்கும் புதிய டெலிவிஷனும்

காரைக்கால் பிரதேசத்தில் பிரான்சு தேசத்துடன் உறவு நீங்காத குடும்பங்கள் பல உள. 1954-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சு நிர்வாகம் அகன்றது. 1962-ம் வருஷம் அமுலுக்கு வந்த உடன்படிக்கையின் பிரகாரம் சிலர் பிரெஞ்சுப் பிரஜைகளாகவே இருந்துகொண்டனர். அங்கிருந்து வந்த வீடியோ காசெட்டுகளும், இவ்விடத்துக் கலியாணம், கும்பாபிஷேகம் முதலியவற்றின் காசெட்டுகளும் பல வீட்டுப் பீரோக்களில் இன்னும் இருக்கின்றன. ஆனால் காசெட் டெக்குகளின் உற்பத்தி 2016-ம் வருஷத்தோடு நின்றுவிட்டது. புதிதாய் வாங்கும் டெலிவிஷனிலோ பழைய மூவர்ண முனைகளுக்குரிய துவாரங்கள் பெரும்பாலும் காணப்படுவதில்லை.

இப்போது வழங்கும் டிஜிட்டல் கேபிளுக்கு எச்.டி.எம்.ஐ. என்று பெயர். இம்முறை 2002-ம் வருஷம் வகுக்கப்பட்டது. 19 இணைப்பூசிகள் கொண்ட ஒரே முனையின் வழியாய்ப் படமும் ஒலியும் சேர்ந்தே செல்லும். செட்-டாப் பெட்டி, ஹார்ட் டிஸ்க் ரிக்கார்டர் ஆகியவற்றை இணைப்பது மிக எளிது. இரண்டின் மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, ரிக்கார்டரில் 'அவுட்' என்றுள்ள துவாரத்திலிருந்து டெலிவிஷனின் 'இன்' துவாரத்திற்குக் கேபிளைப் போட்டு, ரிமோட்டில் அத்துவாரத்தின் எண்ணைத் தெரிந்தெடுத்தால் போதும். முனையின் ஒரு பக்கம் குறுகியிருப்பதால் தலைகீழாய்ச் செருகிப் பலவந்தம் செய்யலாகாது. கொம்யூன் பஞ்சாயத்து மன்றங்களில் பயிர்ச் செய்முறைப் படங்கள் காட்டுவோர் பத்து மீட்டருக்கு மேற்பட்ட சாதாரணக் கேபிளை நம்பலாகாது. டிஜிட்டல் படம் தேய்ந்து மங்குவதில்லை. புள்ளி புள்ளியாய்ச் சிதறும், அல்லது முற்றிலும் மறைந்துவிடும்.

காசெட் டெக்கின் விஷயம் வேறு. மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகளில் அது தருவது அனலாக் சமிக்ஞை. மஞ்சள் படத்திற்கும் மற்ற இரண்டும் ஒலிக்கும் உரியவை. ஒரு பக்கம் மூவர்ண முனையும் மறு பக்கம் எச்.டி.எம்.ஐ. முனையுமாய் மலிவாய் விற்கும் வெறுங் கேபிளால் யாதொரு பிரயோஜனமுமில்லை. இடையே மின்சாரத்தில் இயங்கும் கன்வெர்ட்டர் பெட்டி ஒன்று வேண்டும். இதிலும் இரு வகையுண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவேயிருக்கும். மூவர்ண முனை உள்ளே, எச்.டி.எம்.ஐ. வெளியே என்றுள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். மாறினால் பணம் வீண். விலையுயர்ந்த கேபிளால் பழைய படம் தெளிவாகும் என்பதும் உண்மையன்று. நாடாவில் இல்லாததை எந்தக் கேபிளும் கொண்டுவந்து சேர்க்காது.

பிரான்சிலிருந்து வந்த காசெட்டுகளில் இன்னொரு சிக்கலுண்டு. அத்தேசத்தில் அக்காலத்து முறை ஸீகாம். நம் தேசத்து முறை பால். இரண்டும் 625 கோடுகளாதலின், அக்காசெட் இவ்விடத்து டெக்கில் ஓடும், ஆனால் வர்ணமின்றிக் கருப்பு வெள்ளையாய்த் தெரியும். நாடா கெட்டுவிட்டதென்று எண்ணி எறிந்துவிடுதல் தகாது. 'மல்டி சிஸ்டம்' என்று எழுதிய டெக்குகளிலும் பிரெஞ்சு முறையைச் செவ்வனே காட்டாதவை உள. ஆகையால் அந்தக் காசெட்டையே போட்டுப் பார்த்து வாங்குதல் நலம். கன்வெர்ட்டரும் ஸீகாமை ஏற்பதாயிருக்க வேண்டும்.

இவ்வேலையைத் தள்ளிப்போடுவதற்கில்லை. கடற்கரையின் ஈரக் காற்றில் நாடாவின்மேல் பூஞ்சணம் பற்றுகிறது. உப்புக் காற்றால் உலோக முனைகள் களிம்பேறுகின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களை விட்டு, சம்பா அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் இதைச் செய்யலாம். வெண்மையான பூஞ்சணம் தெரியும் காசெட்டை டெக்கில் போடலாகாது. அது டெக்கின் தலைப்பைக் கெடுத்து, அடுத்துப் போடும் நல்ல நாடாக்களிலும் பரவும். அத்தகையவற்றைத் துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். மற்றவற்றை முதலில் ஒருமுறை முழுதும் முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் பின் ஓட்டுக. டெலிவிஷனில் பார்ப்பதோடு நில்லாமல், மூவர்ண முனைகளைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும் 'காப்சர்' கருவியில் போட்டு அப்போதே பிரதி எடுத்துக்கொள்ளலாம். பிரதி இரண்டாயிருக்கட்டும், ஒன்று வீட்டிலும், மற்றொன்று கடலுக்குத் தொலைவிலுள்ள உறவினரிடத்தும் இருப்பது உத்தமம். யாருடைய கலியாணம், எந்த வருஷம் என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு மேலுறையில் எழுதிவைக்க வேண்டும்.