மண்ணை விடாத சக்கரம்

தூத்துக்குடியின் மில்லர்புரத்திலிருந்து உப்பளங்களை நோக்கிப் புறப்படும் ஒருவர், தார்ச்சாலையைவிட்டு இறங்கி, மழைக்குப் பின் வழுக்கும் களிமண் கரைமேல் வண்டியை ஏற்றும்போதும், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டின் செம்மணலில் சக்கரம் புதையும்போதும், வண்டியின் வேகத்தை மறந்து அதன் பிடிமானத்தையே நம்பியிருக்கிறார். பாதையற்ற நிலத்தில் ஓடும் மோட்டார் சைக்கிளின் சாஸ்திரம் முழுவதும் இந்தப் பிடிமானத்தில் அடங்கியது. அச்சாஸ்திரத்தில் ஒரு முக்கிய அத்தியாயத்தை எழுதிய ராயல் என்ஃபீல்டு ஸ்தாபனம், பிறந்த ஊரில் மறைந்து, நம் திருவொற்றியூரில் நிலைத்து வாழ்ந்தது தமிழர் பெருமையுடன் அறியவேண்டிய சரித்திரம்.

இங்கிலாந்தில், தையல் ஊசிகளுக்குப் பேர்போன ரெட்டிச் நகரில், 1901-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த அந்த ஸ்தாபனம், 1932-ல் ‘புல்லட்’ என்ற பெயரைத் தன் வண்டிகளுக்கு வழங்கத் தொடங்கிற்று. அக்காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருந்தது. கல்லொன்றில் மோதிய மாத்திரத்தில் சக்கரமும் சட்டமும் சேர்ந்தே எம்பும். டயர் தரையைத் தொடாத அந்தக் கணத்தில், எஞ்சின் எத்தனை சக்தியைத் தந்தாலும் அது வண்டியை முன்னே தள்ளுவதற்கு உதவாது.

1948-ல் வெளிப்பட்ட புதிய புல்லட் இக்குறையைத் தீர்த்தது. கியர்பெட்டிக்குப் பின்னால் கீல்போல் பொருத்திய ‘ஸ்விங் ஆர்ம்’ சக்கரத்தை மட்டும் மேலும் கீழும் ஆட விட்டது. இருபுறமும் நின்ற ஷாக் அப்சர்பர்களில் சுருள்வில் அதிர்ச்சியை ஏற்க, உள்ளிருந்த எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே நெருக்கிக்கொண்டு ஓடி, அந்த ஆட்டத்தின் சக்தியை வெப்பமாக்கி அடக்கிற்று. எண்ணெய் இல்லையேல் வில் துள்ளிக்கொண்டே இருக்கும்; இரண்டும் சேர்ந்தபோதுதான் சக்கரம் மேடுபள்ளங்களைத் தழுவிச் சென்றது. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் பரீட்சையில், மலைப்பாதைகளைக் கடந்து, சார்லி ராஜர்ஸும் விக் பிரிட்டனும் இவ்வண்டிகளிலேயே தங்கப் பதக்கம் பெற்றனர். விக்கின் மகன் ஜானி பிரிட்டன், 1952-லும் 1957-லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியில் வாகை சூடினார்.

பிடிமானத்திற்கு எஞ்சினும் துணைநிற்க வேண்டும். 346 சி.சி. புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் செல்லும் தூரமோ 90 மில்லிமீட்டர். இவ்வாறு நீண்ட வீச்சுடன் பிஸ்டன் இயங்கவும், கனத்த ஃபிளைவீல் சுழற்சியைச் சேமித்து வைக்கவும், எஞ்சின் தாழ்ந்த வேகத்திலும் திணறி நின்றுவிடாமல் சீராக இழுக்கிறது. மணலில் திடீரென்று பாயும் சக்தி சக்கரத்தை வெறுமனே சுழற்றிக் குழிதோண்டும். நிதானமாக வரும் சக்தியே வண்டியை வெளியேற்றும்.

கரடுமுரடான எல்லைப்புறங்களில் காவல்செய்யும் நம் ராணுவம் இக்குணங்களை விரும்பியதில் வியப்பில்லை. மெட்ராஸ் மோட்டார்ஸ் மூலம் ராணுவத்திற்குப் புல்லட்டுகள் வந்தன; 1955-ல் ரெட்டிச் ஸ்தாபனத்தோடு கூட்டாக என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. திருவொற்றியூரில் முதலில் உதிரிபாகங்களைப் பூட்டி வண்டியாக்கிய நம் தொழிலாளர், நாளடைவில் அப்பாகங்களையும் தாமே வடித்தனர். தாய் ஸ்தாபனம் 1970-ல் மூடப்பட்டபின்னும் திருவொற்றியூரின் பணி ஓயவில்லை. 1977-ல் அங்கிருந்து புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின.

2016-ல் வந்த ‘ஹிமாலயன்’ அந்தப் பழைய அத்தியாயத்தின் தொடர்ச்சியே. அதன் 21 அங்குல முன்சக்கரம் கல்லின்மேல் எளிதில் ஏறுகிறது. பின்சக்கரம் 180 மில்லிமீட்டர்வரை ஏறி இறங்குகிறது. 220 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் அடிவயிறு பாறையில் இடிபடாமல் தப்புகிறது. அளவுகள் மாறின, மண்ணோடு சக்கரம் கொள்ளும் உறவு பற்றிய தத்துவம் மாறவில்லை.

யந்திரவியல் பயிலும் நம் மாணவர்கள், புத்தகத்தில் படிக்கும் வில்லின் விதியையும் சுழற்சியின் விதியையும், தெருமுனை மெக்கானிக் கடையில் பிரித்து வைத்த ஒரு பழைய புல்லட்டின் பக்கத்தில் அமர்ந்து, கையால் தொட்டு அறிவார்களாயின், வாங்கிய வித்தையைத் தமதாக்கிக்கொண்ட திருவொற்றியூர்த் தொழிலாளரின் மரபு அவர்களிடத்தும் தழைக்கும்.