பிளாக் அடிச்சா வெள்ளை!

நெய்வேலி டவுன்ஷிப்ல யார்கிட்ட அட்ரஸ் கேட்டாலும் முதல்ல வர்ற வார்த்தை 'பிளாக்'தான். எத்தனாம் நம்பர் பிளாக்னு சொல்லாம வீடு கண்டுபிடிக்கவே முடியாது! இன்னொரு பிளாக்கும் இருக்கு. துணியில அச்சு அடிக்கிற மரக்கட்டை பிளாக். அதை வெச்சு நம்ம ஃபேர்னெஸ் க்ரீம் மோகத்தையே கலாய்ச்சிருக்கார் ஓவியர் அர்ச்சனா ஹண்டே.

பெங்களூருவில் பிறந்து, சாந்திநிகேதனிலும் பரோடாவிலும் கலை படித்தவர் இவர். 2009-ல் அவர் செய்த படைப்பின் பெயர், 'ஆல் இஸ் ஃபேர் இன் மேஜிக் ஒயிட்'. தலைப்புலயே குறும்பு! 'ஃபேர்'னா நியாயம்; வெள்ளை நிறமும்கூட. துணியில் பிளாக் பிரின்ட்டாக அடித்த படங்கள் ஒரு பக்கம், அனிமேஷன் வீடியோ இன்னொரு பக்கம். மும்பையோட வெள்ளைத்தோல் ஆசையும் பணக்கார ஆசையும்தான் கதை.

சரி, எதுக்கு பிளாக் பிரின்ட்? கட்டையில ஒரு டிசைனைச் செதுக்கி, சாயத்துல தொட்டு, அதையே 'டப்... டப்...'னு திரும்பத் திரும்ப அடிக்கணும். விளம்பரமும் அதைத்தானே பண்ணுது? 'செவப்பானா வேலை கிடைக்கும், மாப்பிள்ளை கிடைப்பார்'னு மனசுல ஒரே அச்சு! 1975-லிருந்து விற்பனையில் இருந்த 'ஃபேர் அண்ட் லவ்லி'யின் விளம்பரம் ஒன்று, ஜனநாயக மாதர் சங்கத்தின் எதிர்ப்பால் 2003-ல் நிறுத்தப்பட்டது. 2020-ல் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆச்சு. பேர்தான் மாறிச்சு, க்ரீம் கடையிலதான் இருக்கு!

நம்ம கோலிவுட் மட்டும் என்னவாம்? 2007-ல் வந்த 'சிவாஜி'யில் ஹீரோயினுக்காக வெள்ளையாக, சூப்பர் ஸ்டார் படாத பாடு படுவார். ஒரு பாட்டுல கிராபிக்ஸ் புண்ணியத்துல வெள்ளைக்காரராவே வருவார். ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு அந்தப் படம் தேசிய விருதும் வாங்கிச்சு. விசிலடிச்ச நம்மள்ல முக்கால்வாசிப் பேர் மாநிறம்தான்! ஆனா ஒண்ணு... ஹண்டேயின் படைப்பு வந்த அதே 2009-லதான் சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு, 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரத்தைத் தொடங்கியது.

இந்த ஆர்ட்டுக்கு லட்சக்கணக்குல செலவு வேணாம் பாஸ். உருளைக்கிழங்கை ரெண்டா வெட்டி டிசைன் செதுக்குங்க. அப்பாவோட பழைய வேட்டி, ஒரு பாட்டில் ஃபேப்ரிக் பெயின்ட் போதும். செல்போனை அசையாம நிறுத்தி, ஒவ்வொரு அச்சு அடிச்சதும் ஒரு போட்டோ. செகண்டுக்கு 12 போட்டோன்னா, 120 போட்டோவுல பத்து செகண்ட் அனிமேஷன் ரெடி! கல்ச்சுரல்ஸ் மேடையில ஓட விடுங்க. என்ன சொல்லப் போறீங்கங்கிறதுதான் முக்கியம்.

அதுக்கு நெய்வேலியைவிட நல்ல ஊர் ஏது? 1956-ல் தொடங்கின என்.எல்.சி. இங்கே தோண்டி எடுக்கிறது பழுப்பு நிலக்கரி. நம்ம வீட்டு ட்யூப்லைட் வெள்ளையா எரியறதே அந்த மாநிறத்தாலதான்!